நான்கு கிலோ

மூன்றாவது முறையாக அதே கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு எறும்பு என் தையல் கடைக்குள் வந்தாள். ஆறு வாரத்தில் மூன்று முறை. இடுப்பைப் பிடித்துத் தர வேண்டுமாம்.

"போன தடவை நீங்க பிடிச்சுக் குடுத்ததே இப்ப நிக்க மாட்டேங்குதுக்கா. நடந்தா வழுக்குது."

நாடாவைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று விரல் குறைந்திருந்தது. முப்பது வருடமாக ஆட்களை அளந்து வருகிறேன். வாய் பொய் சொன்னாலும் நாடா சொல்லாது.

"நீ சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேனே."

"என்னத்த? காத்தையா?"

சிரிக்கப் போனாள். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "எங்க அக்காகிட்ட சொல்லிராதீங்க. போட்டி முடியுற வரைக்கும்தான்."

நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ரகசியம் என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அது என் தப்பு.

எறும்பு என்பது தெரு வைத்த பெயர். போன வருடப் போட்டியன்று அவள் எடை ஐம்பத்தைந்து கிலோ. தலைக்கு மேலே தூக்கியது தொண்ணூற்றாறு கிலோ. வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்? பளுதூக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய அக்காள் புருஷன். வீட்டில் மாமா, பயிற்சிக்கூடத்தில் கோச். தெருவுக்கும் அவர் கோச்தான். அவர் மனைவி எனக்குப் பக்கத்துக் கடைக்காரி, ரொட்டி போடுகிறவள். தாய் தகப்பன் போன பிறகு தங்கையை ஒன்பது வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவள்.

இரண்டு கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அடுப்பு எரியும்போது என் பக்கமும் சுடும்; குளிர்காலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பொத்தான் தைப்பேன். அந்தச் சுவர் சூட்டை மட்டும் கடத்தாது, பேச்சையும் கடத்தும். ஒட்டுக்கேட்டாள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. காதைப் பொத்திக்கொண்டு தைக்க எனக்கு மூன்றாவது கை கிடையாது.

கோச் வேலை என்றால் விசில் ஊதுவது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிள்ளைகள் இடுப்பில் கட்டும் தோல்பட்டை அறுந்தால் அவர் என்னிடம்தான் கொண்டுவருவார். நான் தைத்து முடிக்கும்வரை முக்காலியில் உட்கார்ந்து பேசுவார்.

"பதினோரு பிள்ளைங்கக்கா. பதினோரு பூட்டு. ஒரே சாவியப் போட்டா ஒண்ணு திறக்கும், பத்து உடையும். ஒருத்தன் திட்டினாத்தான் தூக்குவான். இன்னொருத்திகிட்ட குரல் ஒரு படி ஏறினா ரெண்டு நாளைக்கு வர மாட்டா. ஒருத்தனோட அப்பா தினமும் போன் பண்ணி, என் பையன் எப்ப ஜெயிப்பான்னு கேக்குறாரு. என் முகம் கொஞ்சம் வாடினா போதும், பதினோரு முகமும் வாடிடும். அதனால கூடத்துக் குழாயில முகத்தக் கழுவிட்டுத்தான் உள்ளேயே போறேன்."

"உங்க முகம் வாடினா யார் பாக்குறது?"

"பட்டையத் தைங்கக்கா," என்பார்.

எறும்பு எடையைக் கட்டுப்படுத்துகிறாள் என்பதால் அவள் எதிரில் அவரும் சாப்பிட மாட்டார். பசி தாங்காமல் மாவு மூட்டை அறைக்குள் நின்று பன்னை விழுங்குவார். ஒருநாள் மீசையில் மாவோடு மனைவியிடம் மாட்டிக்கொண்டார். "என் கடையிலேயே எனக்கொரு திருட்டுப் பூனை," என்று அவள் சிரித்த சிரிப்பில் என் ஊசி தடம் மாறியது.

அந்த வருடம் அவருக்குப் பூனைப் பசி மட்டுமல்ல, வேறொரு பயமும் இருந்தது. பயிற்சிக்கூடம் என்பது டயர்க் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் பழைய தகரக் கொட்டகை. சங்கத்துச் செயலாளர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இந்தத் தடவை ஒரு பதக்கமாவது வரணும் கோச். பேட்மிண்டன்காரங்க கூடத்தக் கேட்டு நச்சரிக்கிறாங்க. வெறுங்கையோட நான் எத்தனை நாள் தடுக்கிறது?"

பதக்கம் வரக்கூடியது எறும்புக்கு மட்டும்தான். அதுவும் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் உடல் எடை போகாதவர்கள் பிரிவில். போன வருடம் அங்கே அவள் இரண்டாவது. முதலில் வந்தவள் விளையாட்டை விட்டுவிட்டாள். ஆனால் இருபத்திரண்டு வயதில் எறும்பின் தோளும் தொடையும் வளர்ந்திருந்தன. நன்றாகச் சாப்பிட்டால் அவள் எடை ஐம்பத்தொன்பது. நடுவில் நான்கு கிலோ.

அந்த நான்கு கிலோவை அவள் எப்படி இறக்கினாள் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. காலையில் ரொட்டி அடுப்பு முன்னால் நிற்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு கம்பளிச் சட்டை, அதன்மேல் மழைக்கோட்டு. குளிருகிறது என்றாள். "தங்கச்சிக்குப் பொறுப்பு வந்துருச்சுக்கா," என்று ரொட்டிக்காரி என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள். பொறுப்பு இல்லை, வியர்வை.

கால்சட்டையைப் பிடித்துக் கொடுத்த நான்காம் நாள், காலைக் கூட்டம் நிற்கும்போது பக்கத்தில் தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் பன். எறும்பு காலி இரும்புத் தட்டின் அருகே மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தந்தி போல் நடுங்கின.

"ஒண்ணுமில்ல, வழுக்கிருச்சு," என்றாள்.

இருபது பன் வைத்த தட்டு. இரண்டு கிலோ இருக்குமா? வரிசையில் நின்றவர்கள் குனிந்து பொறுக்கினார்கள். அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு ரொட்டிக்காரி என்னைப் பார்த்தாள். நான் கால்சட்டைக் கதையைச் சொன்னேன். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மத்தியானம் கடை மூடியிருந்த நேரத்தில் கோச் வந்தார். சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

"அவ தட்டைக் கீழ போட்டா."

"கை வேர்த்திருக்கும்."

"வேர்க்கிறதுக்கு உடம்புல தண்ணி வேணுங்க." தட்டுகளை அடுக்கும் சத்தம். "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியும்னு சொல்ல முடியாது." அவர் குரல் தேய்ந்தது. "தெரியாதுன்னும் சொல்ல முடியாது. தராசுல எடை இறங்கிட்டே இருந்துச்சு. எப்படின்னு கேட்டா அவ பதில் சொல்லிடுவா. அதான் கேக்கல."

"தூங்குறவங்கள எழுப்பலாம். நீங்க தூங்குற மாதிரி படுத்திருந்திருக்கீங்க."

"ரெண்டு மாசம்தானே, போட்டி முடிஞ்சா..."

"நான் அவள கோச் கையில குடுக்கல. மாமா கையில குடுத்தேன்." அழுகை இல்லாமல்தான் சொன்னாள். பிறகு மாவு பிசையும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அவள் மாவு பிசைவதே கிடையாது.

கோச் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பயந்தால் அவசரப்படுவார்கள். மறுநாள் காலையிலேயே சங்க அலுவலகத்துக்குப் போய், யாரிடமும் சொல்லாமல், அவள் பெயருக்கு எதிரே இருந்த ஐம்பத்தைந்தை அடித்து ஐம்பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டில் ஆறப்போட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாராம். அதற்குள் பட்டியல் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது.

எறும்பு போனைக் கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். நான் அப்போது ரொட்டி வாங்க நின்றிருந்தேன்.

"இது யாரு எழுதினது?"

"உக்காரு, சொல்றேன்," என்றார் கோச்.

"என் பேரு, என் உடம்பு. உங்க கையெழுத்தா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"ஐம்பத்தொன்பதுல யாரெல்லாம் இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? நான் எத்தனாவது வருவேன்னு தெரியுமா? ரெண்டு மாசமா நாக்கு ஒட்டிப்போய் கிடந்தேன். ஒரே கோட்டுல அழிச்சிட்டீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பட்டினி கிடந்தது நான். பயந்தது நீங்க. அதுக்கு என்னை எதுக்கு மாத்துறீங்க?"

ரொட்டிக்காரி குறுக்கே வந்தாள். "நான்தான்டி சொன்னேன்."

"நீ சாப்பிடச் சொன்னே. அது அக்கா. இவரு கேக்காம எழுதினாரு. ரெண்டும் ஒண்ணா?"

அன்றிலிருந்து அவள் கூடத்துக்குப் போகவில்லை. சாப்பிட்டாள், அக்காள் வைத்ததைத் தட்டில் மிச்சமில்லாமல் சாப்பிட்டாள், ஏதோ அபராதம் கட்டுவது போல. மாமனிடம் சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவர் கடைக்குள் வந்தால், "சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒருநாள் அவரும், "ஒரு ரொட்டி," என்று சொல்லிவிட்டார். காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "அடுத்தவங்க வாங்க," என்றாள். அவர் சொந்த வீட்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றார்.

கூடத்தில் மற்றப் பிள்ளைகளும் கலங்கிப்போனார்கள். திட்டினால் தூக்குகிறவனை இவர் திட்டவில்லையாம். அவன் கோச்சுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் வந்து விசாரித்தான்.

ஒன்பதாம் நாள் கோச் பட்டை எதுவும் இல்லாமல் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"பஸ்ல போயிட்டு வந்தேன்," என்றார்.

"எங்க?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும்."

ஆறு வருடத்துக்கு முன் அவரிடம் இன்னொரு பெண் பயிற்சி எடுத்தாள். பலசாலி. ஒரு பிரிவு கீழே இறங்கினால் பதக்கம் நிச்சயம் என்று இவர் சொல்ல, அவள் இறங்கினாள். மழைக்கோட்டு யோசனையே இவருடையதுதான். போட்டியன்று எடை சரியாக இருந்தது. ஆள் சரியாக இல்லை. இரண்டாவது முறை தூக்கும்போது மேடையிலேயே மயங்கி விழுந்தாள். அதன்பிறகு கூடத்துப் பக்கமே வரவில்லை. இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் ஓட்டும் தடத்தில் இத்தனை வருடமும் இவர் ஏறியதில்லை. சைக்கிளில் சுற்றிப் போவார்.

"ஏறினதும் கண்ணாடியில பாத்துட்டா. எங்க இறங்கணும்னு கேட்டா. கடைசின்னேன். ஒரு மணி நேரம் அவ முதுகுக்குப் பின்னால உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசல. கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கினப்புறம் இஞ்சின நிறுத்திட்டுத் திரும்பினா. சொல்லுங்கன்னா. எல்லாத்தையும் சொன்னேன். இந்தத் தடவை நான் சரியாத்தானே செஞ்சேன், இவளைக் கீழ இறக்காம மேல ஏத்தினேன்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சா. 'அன்னைக்கு நீங்க இறங்குன்னு சொன்னீங்க, இறங்கினேன். இன்னைக்கு ஏறுன்னு எழுதிட்டீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது கோச். எங்க ரெண்டு பேரையும் நீங்க கேக்கவே இல்லையே'ன்னா." அவர் தரையில் கிடந்த நூல் துண்டை எடுத்து விரலில் சுற்றினார். "அப்போ அவ பட்டினியாவே போறேன்னு சொன்னா விட்டுடறதான்னு கேட்டேன். 'நான் கூட நிக்க மாட்டேன்னு சொல்லுங்க. அது உங்க கை, உங்க இஷ்டம். அவ பேருக்கு எதிரே எழுதுறது அவ கை'ன்னா. அப்புறம், திரும்பிப் போறதுக்கு வேற டிக்கெட் எடுக்கணும்னா."

"எடுத்தீங்களா?"

"எடுக்காம? கண்டிப்பான பொண்ணுக்கா அவ."

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஐம்பத்தொன்பது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன்," என்று கோச் ஆரம்பித்தார். "எழுதின விதம் தப்பு. கேட்டிருக்கணும். அதுக்கு முன்னால, எடை எப்படி இறங்குதுன்னும் கேட்டிருக்கணும். ரெண்டையும் கேக்கல. இந்தா, திருத்தம் குடுக்கிற தாள். இன்னும் நாள் இருக்கு. எந்தப் பிரிவுன்னு நீயே எழுது."

"ஐம்பத்தஞ்சுன்னு எழுதினா?"

"கொண்டுபோய்க் குடுத்துடுறேன். ஆனா போட்டிக்கு நான் கூட வர மாட்டேன். மிரட்டுறேன்னு நினைக்காதே. பட்டினியோட மேடை ஏறுற ஆளுக்கு இனிமே என்னால தண்டுல எடைத்தட்டு மாட்டிவிட முடியாது. என் பங்கு அவ்வளவுதான்."

நான் இயந்திரத்தை நிறுத்தியிருந்தேன்.

"கூடம் போயிடுமே மாமா," என்றாள் எறும்பு.

"என்னது?"

"செயலாளர் சொன்னப்ப கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். பதக்கம் இல்லேன்னா பதினோரு பேரும் தெருவுல. நீங்க அதுக்கப்புறம் மாவு அறையில நின்னு யோசிச்சிட்டு இருந்தீங்க."

"நான் பன்னு தின்னுட்டு இருந்தேன்."

"தின்னுகிட்டே யோசிச்சீங்க."

"அத யாரு உன் தலையில வச்சது?"

"யாரும் வைக்கல. நானா எடுத்து வச்சிக்கிட்டேன். தூக்குறதுதானே எனக்குத் தெரியும்."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, ரொட்டிக்காரிதான் பேசினாள். "நல்லா இருக்கு. ஒரே மூட்டைய ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் சுமந்திருக்கீங்க. நான் என்னடான்னா ரெண்டு பேருக்கும் சோறு இறங்கலையேன்னு அடுப்பத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"கூடம் போனா போகட்டும்," என்றார் கோச். "மாவு மூட்டையெல்லாம் நகர்த்திட்டு அந்த அறையில தூக்குவோம்."

"நகர்த்துங்க பாக்கலாம்," என்றாள் ரொட்டிக்காரி.

எறும்பு உடனே எழுதவில்லை. தாளை மடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை வெண்ணெய் டப்பாவின் கீழே அது இருந்தது. ஐம்பத்தைந்துக்கு எதிரே ஒரு கோடு போட ஆரம்பித்து அடித்திருந்தாள். ஐம்பத்தொன்பதுக்கு எதிரே தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: கோச்சும் சாப்பிட வேண்டும், உட்கார்ந்து.

அடுத்த ஏழு வாரம் அந்தக் கடையில் முட்டை எத்தனை உடைந்தது என்று கேட்காதீர்கள். தண்டில் மாட்டும் தட்டு மாறிக்கொண்டே வந்தது. சுலபமாக இருக்கவில்லை. முதல் வாரம் கை ஒத்துழைக்காமல் எறும்பு பட்டையைக் கழற்றி வீசினாள். கோச் எடுத்துவைத்துவிட்டு, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாராம். "நல்லா இல்ல," என்றாளாம். "சரி, அப்போ எவ்வளவு வேண்டாம்னு சொல்லு," என்றாராம். கேட்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் பழகியது. சில நாள் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் தானே பதில் சொல்லிவிடுவார். அப்போது அவள் ஒரு விரலை உயர்த்துவாள். அவர் வாயை மூடிக்கொள்வார்.

போட்டிக்கு நானும் போனேன். பின்னறையில் கோச்சோடு ஓர் உதவியாளர் நிற்கலாம். "அங்க நின்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்," என்று ரொட்டிக்காரி பார்வையாளர் பக்கம் போய்விட்டாள். துண்டும் தண்ணீரும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

இரண்டு விதமாகத் தூக்க வேண்டும். ஒன்று, ஒரே இழுப்பில் தலைக்கு மேல். இன்னொன்று, முதலில் தோள்வரை, பிறகு தலைக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. இரண்டிலும் அதிகமாகத் தூக்கியதைக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் வகையில் எறும்பு எண்பது தூக்கினாள். இரண்டாவது வகையில் இரண்டு வாய்ப்பு முடிந்தபோது நூற்றொன்று. அவள் அதுவரை தூக்காத எடை. மதிப்பெண் பலகையில் அவள் பெயர் நான்காவதாக இருந்தது. மூன்றாவது இடத்தில் இருந்தவளின் கூட்டல் நூற்றெண்பத்தாறு; அவள் வாய்ப்புகளெல்லாம் முடிந்திருந்தன.

எனக்கே கணக்குப் புரிந்தது. நூற்றேழு தூக்கினால் வெண்கலம். கூடம்.

கடைசி எடையை ஒரு நிமிடத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கோச் அட்டையையும் பேனாவையும் எடுத்தார். பேனா முனை அட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எதை எழுத ஆசைப்படுகிறார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

எறும்பு துண்டால் முகத்தைத் துடைத்தாள். பலகையைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்து மூடினாள்.

"நூத்தி ஏழு தூக்கினா மூணாவது இல்ல?"

"ஆமா."

"இன்னைக்கு நூத்தி ஏழு என்கிட்ட இல்ல கோச். இழுத்தா தோளுக்கு வரும், மேல போகாது. நூத்தி அஞ்சு இருக்கு."

அட்டை மேசைக்காரர் மணியைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். முயன்று பாரேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் போயிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். அந்த வார்த்தை கோச்சின் வாய்வரை வந்ததை நான் பார்த்தேன் என்றே சத்தியம் செய்வேன். அவர் விழுங்கினார். நூற்றைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேடையில் அவள் வெள்ளைப் பொடி பூசிய கையால் தண்டைப் பிடித்து, ஒருமுறை மூச்சு விட்டாள். தண்டு தோளுக்கு வந்தது. எழுந்தாள். ஒரு கணம் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தள்ளினாள். தட்டுகள் தலைக்கு மேலே போய், அங்கேயே நின்றன. நடுவர்கள் ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. பார்வையாளர் பக்கத்தில் ரொட்டிக்காரி யாரையோ கட்டிப்பிடித்தது தெரிந்தது; அந்த ஆள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நான்காவது இடம். பதக்கம் இல்லை.

செயலாளர் பின்னறைக்கு வந்தார். "ஐம்பத்தஞ்சுல இருந்திருந்தா இன்னைக்குத் தங்கம்," என்றார்.

"ஐம்பத்தஞ்சுல இருந்திருந்தா இவ இன்னைக்கு ஆஸ்பத்திரியில," என்றார் கோச். சத்தமில்லாமல், சோர்வில்லாமல் சொன்னார்.

எறும்பு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டையும் கூட்டிப் பாத்தா போன வருஷத்த விட பதினோரு கிலோ கூட சார். அடுத்த வருஷம் இதே பிரிவுல வரேன். கூடம் இருந்தா அங்கேயிருந்து வருவேன். இல்லேன்னா மாவு மூட்டைக்குப் பக்கத்துலேருந்து வருவேன்."

செயலாளர் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "பேட்மிண்டன்காரங்களுக்குச் சாயங்காலத்துல ரெண்டு மணி நேரம் விட்டுக் குடுங்க. மீதி நேரம் இந்த வருஷம் நீங்களே வச்சுக்குங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். போன வேகத்தைப் பார்த்தால் இதற்குமேல் இளகிவிடுவோமோ என்று பயந்தவர் போலிருந்தது.

மூன்று வாரம் கழித்து, தைத்த பட்டைகளைக் கொடுக்கக் கூடத்துக்குப் போயிருந்தேன். கொட்டகைக் கதவில் பேருந்து ஓட்டுநரின் காக்கிச் சீருடையில் ஒரு பெண் நின்றாள். தோளில் சீருடையின் தையல் விட்டிருந்தது, அகலமான தோள். பிள்ளைகள் தூக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோச் திரும்பினார். முகம் கழுவ அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"வேலை முடிஞ்சுது," என்றாள் அவள். "சும்மா பாக்கலாம்னு வந்தேன்."

"வா."

அவள் உள்ளே வந்து சுவரோரமாக நடந்தாள். தண்டுகளைத் தொட்டாள். பழைய மேடைப் பலகையைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தாள். எறும்பு வெள்ளைப் பொடிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தள்ளி நின்றாள்.

கோச் தட்டுகள் அடுக்கிய இடத்துக்குப் போய் நின்றார். ஒன்றையும் எடுக்கவில்லை.

"எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"வெறும் தண்டு போதும் இன்னைக்கு," என்றாள்.